மறுகரைச் சூடு

கோகிலவாணியின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்குள் கூலர் கம்பெனிக்காரர்களுக்குத் தாவு தீர்ந்துவிடும். பீளமேட்டில் அவளது வீட்டு மாடி அறைக்கு வந்து போன கூலர்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் எதற்காவது அவள் கொடுத்த உச்சபட்சப் பட்டம் 'பரவாயில்லை' என்பதுதான். கம்ப்யூட்டரின் மூளையான புராசஸரை, தயாரித்தவர்கள் வைத்த வேகத்தைத் தாண்டி விரட்டி ஓட்டுவதில் பித்துப் பிடித்த ஒரு கூட்டம் உலகம் பூராவும் உண்டு. விரட்டினால் சூடேறும். எல்லை மீறிச் சூடேறினால் புராசஸர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அந்தக் கூட்டத்துக்குச் சோறு தண்ணீரைவிடக் கூலர் முக்கியம். எதை வாங்கலாம், எதைக் காயலான் கடைக்குப் போடலாம் என்று அவர்களுக்குத் தமிழில் அளந்து சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள். சானலின் பெயர் 'சூடு'. ரசிகர்கள் அவளைச் சூடு அக்கா என்றார்கள், பெயர்ப் பொருத்தம் அப்படி.

முன்பு அவள் ஒரு பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்தவள். அங்கே பழகியதெல்லாம் இங்கேயும் சட்டமாகிவிட்டது. அறையின் வெப்பம் இருபத்தைந்து டிகிரியை விட்டு அசையக் கூடாது. அதற்காக இரண்டு ஏ.சி. அவற்றின் வெளிப்பெட்டிகள் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் சமையலறை ஜன்னலைப் பார்த்து அனல் ஊதின. பாக்கியம் சண்டை போட்டுப் பார்த்து, கடைசியில் அந்த ஜன்னலையே சாத்திக்கொண்டாள். அடுத்த சட்டம், முதல் நாள் கம்ப்யூட்டரைச் சும்மா ஓடவிட வேண்டும், மறுநாள்தான் விரட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், சோதனை முடியும்வரை கம்பெனிக்காரர்களோடு பேச்சே கூடாது. அவர்கள் எண்ணை அடைத்துவிட்டு, போனையும் கீழேயே வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவாள்.

"விக்கறவன் பேச்சக் கேட்டா முள்ளு நேரா நிக்காதுங்க" என்பாள் கணவன் தண்டபாணியிடம். அவன் வங்கி வேலையை விட்டுவிட்டு அவளுக்குக் கேமரா பிடிக்க வந்தவன். முன்பு மேனேஜரிடம் வாங்கிய திட்டை இப்போது வீட்டிலேயே வாங்கிக்கொள்கிறேன், பஸ் செலவு மிச்சம் என்பான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புதுக் கூலரின் அடிப்பாகத்தில் கீறல் படாமலிருக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் புராசஸர் மேல் பொருத்த வேண்டும். கற்றுக்குட்டிகள் உரிக்க மறந்துவிடுவார்கள். சூடு தாளைத் தாண்டாது, புராசஸர் கொதிக்கும், உடனே கூலரைத் திட்டி நாலு பக்கம் எழுதுவார்கள். அப்படி எழுதிய ஒரு பையனைக் கோகிலவாணி ஒரு வீடியோ முழுக்க உரித்தெடுத்திருந்தாள். அன்றிலிருந்து அவளது ஒவ்வொரு வீடியோவுக்கும் யாராவது ஒருத்தர் முதல் ஆளாக வந்து, 'அக்கா, பிளாஸ்டிக்கை உரிச்சீங்களா?' என்று கேட்பது வழக்கமாகிப் போனது. அவள் படித்துவிட்டுச் சிரிப்பாள். பதில் போட்டதே இல்லை.

'மறுகரை' என்ற கூலரைக் குன்னூரிலிருந்து கையோடு கொண்டுவந்தவள் பெனாசிர். இயற்பியலில் ஆராய்ச்சி முடித்துவிட்டு, இரண்டு தோழிகளோடு சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்திருந்தாள். அவள் நீட்டிய பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு மட்டும் இருந்தது. கோகிலவாணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காத்தாடி எங்க கண்ணு?"

"இல்லீங்கக்கா."

"தண்ணிக் குழாயும் இல்ல. அப்பறம் சூடு எங்க போகும்?"

"இதுக்கு ஒரு ஜோடித் தகடு இருக்குக்கா. இதுல விடற சூடு அதுல வெளிய வரும். நடுவுல ஒயர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எவ்வளவு தூரமா இருந்தாலும் வரும்."

"இதோட ஜோடி எங்க கெடக்குது?"

"கோத்தகிரி தாண்டி ஒரு சின்ன சுகாதார நிலையம். அங்க வெந்நீர்த் தொட்டிக்குள்ள போட்டிருக்கோம். இங்க நீங்க வேண்டாம்னு தொரத்தற சூடு, அங்க பிரசவத்துக்கு வர்ற பொம்பளைங்களுக்கு வெந்நீராகும்."

தண்டபாணி கேமராவைக் கீழே இறக்கிவிட்டு வாயைப் பிளந்தான். கோகிலவாணி அசையவில்லை.

"கதை நல்லாருக்குது. அளந்து பாக்கறேன்."

"அக்கா, முழு வேகத்துல விடறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு போன் பண்ணிருங்க. அந்தப் பக்கம் சொல்லி வெச்சிருவேன்."

"அந்தப் பழக்கம் எனக்கில்ல. மொத நாள் சும்மாதான் ஓட்டுவேன், அது ஊருக்கே தெரியும். அதுக்குள்ள சொல்லிக்க."

பெனாசிர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். சூடு அக்காவின் முதல் நாள் சட்டத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அந்தச் சட்டத்தைக் கோகிலவாணி மீறிய ஒரே நாள் கார்த்திகை மாதத்தில் வந்தது. மலையில் இரண்டு நாளாக விடாத மழை. பீளமேட்டில் வெறும் தூறல். காலைச் செய்தித்தாளில் மறுநாள் பீளமேடு பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை என்று போட்டிருந்தது. காலையிலிருந்து மாலைவரை கரண்ட் இருக்காது.

"நாளைக்கு விரட்ட முடியாதுங்க" என்றாள் தண்டபாணியிடம். "பெங்களூர்ல இன்னொரு சானல்காரன் வேற, இதே கூலர வெச்சுட்டு நமக்கு முந்தி வீடியோ போட உக்காந்திருக்கான். இன்னைக்கே நேரா முழு வேகத்துல விட்டர்லாம்."

"சும்மா ஓட்டற சோலி?"

"சும்மா இருக்கறப்ப எல்லாருந்தான் நல்லவங்க."

அவள் வைத்திருந்த புராசஸர் சாதாரணப்பட்டதல்ல. ஒரே அச்சில் வார்த்தாலும் சில சில்லுகள் மட்டும் அபூர்வமாக மற்றவற்றைவிட வேகம் தாங்கும். அப்படிப்பட்ட ஒன்றை அலைந்து தேடிப் பிடித்துவந்து, அதற்குப் பட்டத்துக் குதிரை என்று பெயரும் வைத்திருந்தாள். அதன் மேல் சூடு கடத்தும் பசையைத் தடவி, அவசர அவசரமாகத் தகட்டை வைத்துத் திருகாணியை முறுக்கினாள். போன் கீழே போனது. கதவு சாத்தப்பட்டது. முழு வேகத்தில் நானூறு வாட் சூடு கக்கும்படி குதிரையை அவிழ்த்துவிட்டாள்.

பெனாசிர் சொன்ன கணக்குப்படி நாற்பது டிகிரியைத் தாண்டக் கூடாது. எண்பதைத் தாண்டியது, தொண்ணூறைத் தாண்டியது, நூறில் போய் முட்டி நின்றது. குதிரை மூச்சு வாங்கி, வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

கோகிலவாணிக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைப்பானேன், அவள் முகமே மலர்ந்துவிட்டது. வரவர எல்லாக் கூலரும் சுமாராக வேலை செய்து அவளுக்குத் திட்ட வாய்ப்பே இல்லாமல் போயிருந்தது. மத்தியானம்வரை அப்படியே ஓடவிட்டுவிட்டு, கேமரா முன்னால் உட்கார்ந்தாள். "மறுகரைக்குச் சூட்டக் கொண்டு போறோம்னாங்க. தோணி கரைய விட்டே கெளம்பலீங்க" என்று ஆரம்பித்தாள்.

கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தண்டபாணியைக் காணோம். கீழே போனவன் கையில் போனோடு வந்து கதவைத் திறந்தான். அது சட்டப்படி பெரிய குற்றம்.

"கோகி, அந்தக் கூலர் கம்பெனிப் புள்ள. யார்ரா புது நம்பர்னு எடுத்துட்டேன்."

"வெச்சுருங்க. எத்தன தடவ சொல்றது?"

"அழுகுது கோகி."

அவள் போனை வாங்கினாள். பெனாசிரின் குரல் பாதி அழுகையும் பாதி மூச்சுமாக வந்தது.

"அக்கா, நீங்க இன்னும் சும்மாதான ஓட்டிட்டிருக்கீங்க? இன்னைக்கு மொத நாள்தானக்கா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"அங்க மரம் விழுந்து காலையிலேருந்து கரண்ட் இல்ல. ஜெனரேட்டரும் ஓடல, ரோடும் அடைச்சிருச்சு. நேத்து குறை மாசத்துல ஒரு குழந்தை பொறந்திருக்கு. அதை வெச்சிருந்த வார்மர் நின்னுபோச்சு. அம்மாவுக்கு ரத்தப்போக்கு. எஸ்தர் சிஸ்டர் ஒருத்திதான் இருக்கா, அம்மாவைப் பாப்பாளா, குழந்தையக் கட்டிப் பிடிச்சிட்டிருப்பாளா? நம்ம தகடு வெதுவெதுன்னு இருக்கேன்னு தொட்டியிலேருந்து எடுத்து, குழந்தை மெத்தைக்கு அடியில வெச்சிட்டா. வெக்கலாமான்னு என்னைக் கேட்டா. சூடு அக்கா மொத நாள் சும்மாதான் ஓட்டுவாங்க, பயமில்ல, வெச்சுக்கன்னு நான்தான் சொன்னேன். அப்புறம் மனசு கேக்கல. காலையிலேருந்து உங்களுக்குப் போட்டுட்டே இருக்கேன், போகவே மாட்டேங்குது."

நானூறு வாட் என்பது என்னவென்று கோகிலவாணிக்குத் தெரியாததா? இஸ்திரிப் பெட்டியை மெத்தைக்கு அடியில் வைத்த மாதிரி. காலையில் ஆரம்பித்தது, இப்போது மத்தியானம்.

"அக்கா?"

"முழு வேகத்துல விட்டுட்டேன் பெனாசிர்."

தண்டபாணி பாய்ந்து வந்து சுவிட்சில் கை வைத்தான்.

"நிறுத்தாதீங்க" என்று போனுக்குள்ளிருந்து பெனாசிர் கத்தினாள். "அங்க என்ன நெலமைன்னு தெரியல. சிஸ்டர் போனும் கிடைக்கல. நிறுத்திட்டா குழந்தை குளிர்ல போயிரும். சித்தங்கூரியம், கைக்குள்ள அடங்கற எடை அது."

நிறுத்தினால் குளிர், நிறுத்தாவிட்டால் நெருப்பு. தண்டபாணியின் கை சுவிட்சின் மேலேயே நின்றது. கோகிலவாணி அவன் கையைப் பிடித்து எடுத்தாள். அவளுக்குக் கடவுள் பக்தி கொஞ்சம் குறைவு, அளவுக்கருவி பக்தி அதிகம். பயத்தில் கண் மறைத்தாலும் பழக்கத்தில் திரையைப் பார்த்தாள். நூறு டிகிரி. அதற்குக் கீழே புராசஸர் இப்போது கக்கிக்கொண்டிருக்கும் சூட்டின் அளவு எழுபது வாட் என்று இருந்தது.

காலையில் அது அவளுக்குக் கேலிக்குரிய எண்ணாக இருந்தது. இப்போது அதைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். கூலர் ஒழுங்காக வேலை செய்திருந்தால் இந்தப் பக்கம் குளிர்ந்து, நானூறும் அந்தப் பக்கம் போயிருக்கும். இந்தப் பக்கம் கொதிக்கிறது என்றால் சூடு ஏதோ ஒன்றைத் தாண்ட முடியாமல் தவிக்கிறது. குதிரை தவிப்பு தாங்காமல் வேகத்தைக் குறைத்துவிட்டது. அப்படியென்றால் போனதே எழுபதுதான். ஆனால் இவ்வளவு நல்ல செப்புத் தகட்டில் எது தடுக்கும்?

அவள் குனிந்து, டார்ச் அடித்து, தகட்டுக்கும் புராசஸருக்கும் நடுவே பார்த்தாள். ஓரத்தில் எலி வால் போலச் சிவப்பாக ஒரு சின்ன நுனி நீட்டிக்கொண்டிருந்தது. 'இதைப் பிடித்து உரிக்கவும்' என்பதற்காக வைத்த நுனி.

ஊரில் உள்ள கற்றுக்குட்டிகளையெல்லாம் எதற்காக உரித்தெடுத்தாளோ, அதை அவளே செய்திருந்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை சறுக்கிய இடத்தில்தான் ஒரு குழந்தை பிழைத்துக் கிடக்கிறதா என்று அவளுக்கு இன்னும் நிச்சயமில்லை. கணக்கு ஒன்று சொல்கிறது. கணக்கை நம்பி ஒரு தாயிடம் போய் உன் குழந்தை நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியுமா?

"பெனாசிர், அந்த சிஸ்டர்க்குப் போட்டுட்டே இரு. கெடச்சா என்னையும் சேத்து விடு."

கிடைத்தது. அதற்குள் கோகிலவாணி தன் ஆயுளில் பாதியைச் செலவழித்திருந்தாள். இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண்குரல் வந்தது.

"அலோ, சிஸ்டர் உள்ள வேலையா இருக்காங்க. நான் ஜோகி பேசறேன். கொழந்தையோட அப்பா. ரோடு அடைச்சதால நடந்தே வந்து இப்பத்தான் சேந்தேன்."

"அண்ணா, கொழந்த எப்படி இருக்குது? ஒடம்ப தொட்டுப் பாருங்க. முதுகு செவந்திருக்கா?"

"ஏம்மா? நல்லாத் தூங்குது. கை கால் எல்லாம் கதகதன்னு இருக்கு. காலையில நீலமா இருந்துச்சாம், இப்ப நல்லா ரோஸ் கலரு."

கோகிலவாணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவள் அழுதாள். அவள் அழுது தண்டபாணி பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவை அணைத்தான்.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அங்க தெர்மாமீட்டர் இருக்குங்களா?"

"இருக்கும்மா. சிஸ்டர் கொடுத்திருக்காங்க. படிக்கத் தெரியும், லாரி ஓட்டறவன், மீட்டர் பாத்துப் பழக்கந்தான்."

"அக்குள்ல வெச்சுப் பாத்து நம்பரச் சொல்லுங்க."

"முப்பத்தாறு புள்ளி ஒம்பது."

"முப்பத்தாறரைக்கு மேல, முப்பத்தேழரைக்குக் கீழ இருந்தாப் போதும்னு சிஸ்டர் சொல்லியிருக்கா" என்று நடுவில் பெனாசிர் சொன்னாள். அவள் குரலும் இப்போது தரைக்கு இறங்கியிருந்தது.

"அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்" என்றாள் கோகிலவாணி.

அன்று மத்தியானம் முழுக்கச் 'சூடு' சானலின் அறையில் நடந்ததைப் போல ஒரு சோதனை அதற்கு முன் நடந்ததில்லை. மலையில் ஜோகி எண் படிப்பான். ஏறினால் கோகிலவாணி புராசஸரின் வேலையைக் கொஞ்சம் குறைப்பாள். இறங்கினால் கூட்டுவாள். போன் அறுந்துபோகும், பெனாசிர் ஒட்டிவிடுவாள். மின்தடை நாளைக்குத்தான் என்றாலும் நம்பாமல் தண்டபாணி இன்வெர்ட்டரை இழுத்துவந்து வைத்தான்.

"எங்கம்மா பல்லடத்துப் பண்ணையில கோழிக்குஞ்சுக்கு பல்பு போடுவாங்க" என்றான். "அதேதான் இது. நடுவுல ஒரு மலை இருக்குது, அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, "நூறு டிகிரியில இத்தன நேரம் நின்னா குதிர செத்துருமே கோகி" என்றான்.

"சாவட்டும்."

"உருக்கமா சொல்லுவன்னு பாத்தேன்."

"உருகறதெல்லாம் அது உருகட்டும். நீங்க காப்பி போடுங்க."

வேலையில்லாத இடைவெளியில் பெனாசிரிடம் அவள் கேட்டுவிட்டாள். "ஏன் கண்ணு, இந்தப் பக்கம் நான் ஒரு பட்டனத் தட்டினா அந்தப் பக்கம் ஒரு உசிருக்கு ஆபத்து. அவங்க வேண்டாம்னு சொல்லறதுக்கு வழியே வெக்கலியா?"

"தொட்டிக்குள்ளதான கெடக்கும்னு நெனச்சோம்க்கா. தண்ணி எவ்வளவு சூட்டையும் வாங்கிக்கும். எடுத்து வேற எடத்துல வெப்பாங்கன்னு நெனைக்கல."

"வாங்கறவன் கையில ஒரு சுவிட்ச் வேணும். அது இல்லாம இத எவனுக்கும் விக்காத."

"சரிக்கா."

சொல்லிவிட்டுக் கோகிலவாணி நிமிர்ந்தபோது ஏ.சி.யின் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம்தான். இந்த அறையிலிருந்து துரத்திய சூடு முழுவதையும் வாங்கிக்கொண்ட ஜன்னல் ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது என்பது இன்றுதான் அவளுக்கு உறைத்தது. பாக்கியத்தின் கையிலும் சுவிட்ச் இல்லை. "ஏனுங்க, நாளைக்கு ஏ.சி. மெக்கானிக்கக் கூப்புடுங்க. அந்தப் பொட்டிய ரெண்டையும் மொட்டை மாடிக்கு ஏத்தணும்" என்றாள். தண்டபாணி காரணம் கேட்கவில்லை. நல்ல கணவர்களுக்கு அந்த விவேகம் உண்டு.

சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் போனில் முதன்முறையாக எஸ்தர் சிஸ்டரின் குரல் வந்தது. களைத்துப்போன, ஆனால் சிரிக்கிற குரல்.

"மேடம், அம்மாவுக்கு ரத்தம் நின்னுருச்சு. எழுந்து கஞ்சி குடிச்சாங்க. கொழந்தைய நெஞ்சோட போட்டுக் கட்டியாச்சு. இனிமே அதைவிட நல்ல சூடு கெடையாது. நீங்க நிறுத்திக்கலாம்."

"ஒருக்கா எண்ணப் படிச்சுச் சொல்லுங்க சிஸ்டர்."

"முப்பத்தேழு. புள்ளி கிள்ளி ஒண்ணும் கெடையாது."

கோகிலவாணி வேலையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கடைசியில் கம்ப்யூட்டரை நிறுத்தினாள். மனம் லேசாக இருந்தது. பசித்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினாள். பிளாஸ்டிக் தாள் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டியிருந்தது. சிவப்பு நுனியைப் பிடித்து மெதுவாக உரித்தாள். தண்டபாணி அதைக் குப்பைக் கூடையில் போடக் கையை நீட்டினான். அவள் தரவில்லை.

பட்டத்துக் குதிரை சாகவில்லை. ஆனால் முன்பு தாங்கிய வேகத்தை அது அப்புறம் ஒருநாளும் தாங்கவில்லை. கிழட்டுக் குதிரை என்று பெயரை மாற்றிவிட்டு அதையே வைத்துக்கொண்டாள்.

கேலி வீடியோ அழிந்தது. அதற்குப் பதில் வந்த வீடியோவில் அவள் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தக் கூலர் எப்பிடின்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாதுங்க. இத நான் இன்னும் சோதிக்கவே இல்ல. அந்தப் பக்கத்துக்கு சுவிட்ச் வெச்சுக் கொண்டுவரட்டும், அப்பறம் சோதிக்கறேன்." வழக்கமாக ஒரே ஒரு கோடு இருக்கும் அவளது படத்தில் அன்று இரண்டு கோடுகள் இருந்தன. மேலே நூறு டிகிரியில் புராசஸர். கீழே முப்பத்தேழுக்குப் பக்கத்தில் பெயர் வைக்காத ஒரு பெண் குழந்தை. சூடு போய்ச் சேரும் மறுகரையில் என்ன ஆனது என்பதை அளந்து சொல்லும் கோடு அதற்கு முன் எந்தக் கூலர் சோதனையிலும் இருந்ததில்லை. அந்த வழக்கம் இந்தக் கீழ்க்கோட்டிலிருந்துதான் ஆரம்பித்தது.

ஆனால் அந்தத் தாளைப் பற்றி வீடியோவில் ஒரு வார்த்தைகூட இல்லை. தண்டபாணி வெட்டவில்லை, அவள் சொல்லவே இல்லை. எழுபதாகக் குறைந்தது எப்படி என்ற இடத்தில் 'ஒரு சின்னத் தடங்கல்' என்று தாண்டிப் போயிருந்தாள். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வெளியிட்ட சில நொடிகளிலேயே வழக்கம்போல முதல் ஆள் வந்துவிட்டான். 'அக்கா, பிளாஸ்டிக்கை உரிச்சீங்களா?'

கோகிலவாணி அதைப் படித்துவிட்டு, மேஜை மேல் எடுத்துவைத்திருந்த தாளை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தக் கேள்வியை எல்லோருக்கும் முதலில் தெரியும்படி மேலே குத்தி நிறுத்தினாள். அதற்குக் கீழே முதன்முறையாகப் பதில் எழுதினாள்.

'இல்ல தம்பி. நல்லவேளை.'